எழுபத்தொரு கடலட்டைகளும் ஒற்றைக்கை நண்டும்

செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள முணுமுணுவுக்கு,

கடலுக்கடியில் ரோபோ ஓட்டுகிற உன் ஆளை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. மழுப்புகிறேன் என்று நினைக்காதே, உண்மையிலேயே தெரியவில்லை. நாலு சாம்பிளை வைத்துக்கொண்டு முடிவு எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும், அந்தப் பிள்ளையை நான் இதுவரை நாலு முறைதான் பார்த்திருக்கிறேன், அதிலும் ஒரு முறை தலையில் ஹெல்மெட் இருந்தது. நாளைக்கு ஒரு காரியம் நடக்க இருக்கிறது, அது நடந்த பிறகு மிச்சத்தை எழுதி உறையை ஒட்டலாம் என்று இருக்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. புரட்டுவாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், அத்தையின் முழங்காலும் அவள் அறையின் கூரையும் நீங்கலாக. நீயும் சுகமாக இருக்க வேண்டும், உன் கடைவாய்ப் பல்லும் சுகமாக இருக்க வேண்டும் என்று தனியாக எழுதச் சொன்னார் அப்பா. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த அத்தை இப்போது தன் தலையணைக்குப் புது உறை தைத்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே திரும்பிப் போகும் பேச்சை உன் அப்பாவும் எடுப்பதில்லை நானும் எடுப்பதில்லை. கூரை விஷயம் இதுதான். மாடி வீட்டுக்காரருக்குத் தன் தரைக்கடியில் எங்கேயோ குழாய் கசிகிறது என்று சந்தேகம். எங்கே என்று தெரியாததால் ஒரு டிரில்லிங் மெஷினை வாங்கிவந்து இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று சோதனைக்குத் துளை போட்டுப் பார்க்கிறார். குழாய் அகப்படுவதாக இல்லை. அவருக்கென்ன, சின்னத் துளை, ஒரு பிடி சிமெண்டை அப்பி மூடிவிடுகிறார். கூரைப் பூச்சும் தூசியும் கீழே அத்தையின் கட்டிலில் உதிர்கின்றன. அத்தை முழங்காலையும் பொருட்படுத்தாமல் மாடியேறிப் போய்க் கேட்டதற்கு, சும்மா பார்க்கத்தான் போடறேன், வேலையே இன்னும் ஆரம்பிக்கலைங்க என்றாராம். கீழே வந்து என்னிடம், சும்மா பார்க்கறதுக்கே என் போர்வை இப்படி ஆச்சுன்னா இவன் நிஜமாவே ஆரம்பிச்சா நான் எங்கே போய்ப் படுக்கறது என்று கேட்டாள். என் வேலை என்ன என்பதை அத்தைக்குப் புரியவைக்க வருஷக்கணக்காக முயன்று தோற்றிருக்கிறேன், மாடி வீட்டுக்காரர் அரை நாளில் சாதித்துவிட்டார்.

ஏனென்றால் என் வேலையும் அதேதான், போர்வைதான் பெரியது. நம் கரைக்கு எதிரே கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி போன வருஷம் ஒரு சோதனைத் துளை போட்டது உனக்குத் தெரியும். துளை என்னவோ ஓர் ஆள் இறங்கும் அகலம்தான். ஆனால் குடைந்து எடுத்த கல்தூளும், குடைவது சுலபமாக இருப்பதற்காக உள்ளே செலுத்துகிற சேறும் எங்கேயாவது போக வேண்டுமே, அது துளையைச் சுற்றிக் கடலடியில் படிகிறது. பக்கத்தில் முழங்கால் உயரம், தள்ளிப்போகப் போக விரல் கனம், அதற்கும் அப்பால் மாவு சலித்த மேஜைமாதிரி ஒரு பூச்சு. நகரத் தெரிந்த பிராணி நகர்ந்துவிடும். நகரத் தெரியாதது இருந்த இடத்திலேயே மூடிப்போகும். மண்ணுக்குள் குழல் கட்டிக்கொண்டு தலையை மட்டும் நீட்டுகிற புழு, தண்ணீரை வடிகட்டி வயிறு வளர்க்கிற கடற்பஞ்சு, இவற்றுக்கெல்லாம் மாடியேறிப் போய்ச் சண்டை பிடிக்க வழியில்லை. அதனால்தான் துளைக்கு முன்னும் பின்னும் கடலடியைக் கேமராவில் எடுத்து, யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று எண்ணிச் சொல்லும் பொறுப்பை எங்கள் துறையிடம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது கம்பெனி இரண்டாவது துளை கேட்கிறது. கேட்கிற இடத்தில் ஒரு கடற்பஞ்சுக் காடு இருக்கிறது. மார்பளவு உயரம், சில பஞ்சுகளுக்கு வயது நூற்றுக்கணக்கில், இடுக்கெல்லாம் குஞ்சு மீன்கள். அங்கே துளை போடலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் குழு நாளைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறது. அந்தக் காட்டை நான் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதன்மேல் மாவு சலிப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, இதை நீ அப்பாவிடம் சொல்லாதே, மாத்திரை எழுதிக் கொடுப்பார்.

முதல் துளையால் என்ன ஆயிற்று என்பதற்கு எங்கள் துறையின் அறிக்கை ஒரே வரியில் பதில் சொன்னது. முன்பு ஒன்பது கடலட்டை, பின்பு எழுபத்தொன்று. அத்தையின் முழங்காலுக்காக நான் ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து எண்ணியது இது. துறைத்தலைவர் அதைப் பச்சை நிறத்தில் கிராஃப் போட்டார், பச்சைத் தூண் தாளின் மேல்விளிம்பை இடித்தது. கம்பெனியில் எங்களோடு பேச வரும் அதிகாரியை நாங்கள் புன்னகை என்போம், நல்ல செய்தி கெட்ட செய்தி எதற்கும் ஒரே அளவு பல்தான் தெரியும், அப்பா ஒரு தடவை பார்த்துவிட்டு முன்பல் நான்கும் கட்டினது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் புன்னகை எங்கள் கிராஃபை ஆளுயரத்துக்கு அச்சடித்துத் தங்கள் அலுவலக வாசலில் மாட்டிவிட்டார், துளையிட்டால் கடல் செழிக்கும் என்று கீழே ஒரு வாசகம். எழுபத்தொரு கடலட்டையின் முதுகிலும் தலைக்கு ஒன்றாக ஒரு சிறு நண்டு உட்கார்ந்திருந்தது. நண்டு கடலட்டைமேல் சவாரி போவது உண்டுதான், ஆனால் எழுபத்தொன்றிலுமா. தலைவர் அதற்கும் ஒரு பத்தி எழுதிவைத்தார், துளைக்குப் பின் உயிரினங்களிடையே தோழமை பெருகியிருப்பது கவனிக்கத்தக்கது என்று.

கடலட்டையைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொன்னது நினைவிருக்கலாம். பார்ப்பதற்கு யாரோ மறந்துவிட்டுப் போன வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும், வெகுவாக மிரட்டினால் சில வகை தன் குடலையே வெளியே தள்ளிவிட்டு நகர்ந்துவிடும், பிறகு சாவகாசமாகப் புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும். மூச்சு விடுவது பின்பக்கமாக. சில வகைக்குப் பல் இருப்பதும் அதே பக்கத்தில்தான். இதை நான் அப்பாவிடம் சொன்ன அன்று, காலமெல்லாம் வாயைத் திறங்க வாயைத் திறங்க என்று சொல்லிப் பிழைத்த மனிதர், கிளினிக்கில் பேஷண்ட் நாற்காலியை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்து யோசித்துக்கொண்டே இருந்தாராம், நர்ஸ் போன் செய்து டாக்டருக்கு உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் படத்தை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து ஓட்டினேன். சேறு கலங்கிய தண்ணீர், எதிரே புகைபோல ஓடிக்கொண்டே இருக்கிறது, அவ்வப்போது ஒரு கடலட்டை, அதன்மேல் நண்டு, மறுபடி புகை. அத்தை காபியோடு வந்து உட்கார்ந்தாள், அப்பாவும் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தை, இவன்தானே இப்போ வந்துட்டுப் போனான், கூட்டம் காட்ட ஆள் கிடைக்கலையா உங்க கடல்லே என்றாள். எனக்கு அதற்கு முன்பே சந்தேகம் தட்டிவிட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், இருந்தாலும் தட்டிவிட்டது, வாய் திறந்து சொன்னது மட்டும் அத்தை. படத்தை நிறுத்தி நிறுத்தி நண்டை மட்டும் பார்த்தேன். எல்லா நண்டுக்கும் இடக்கை இல்லை. ஒன்றுக்கில்லை இரண்டுக்கில்லை, எழுபத்தொன்றுக்கும் இல்லை. எல்லாம் மிச்சமிருக்கிற வலக்கையைக் கேமராவுக்கு எதிரே ஆட்டி ஆட்டி ஒரே மாதிரி மிரட்டுகின்றன. கடலடியில் இருந்தது ஒரு கடலட்டை, ஒரு நண்டு.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, துளையிடும் ஒலி அதிர்ச்சியில் எல்லாவற்றுக்கும் இடக்கை உதிர்ந்திருக்குமோ மேடம் என்றார். வேண்டுமானால் அப்படியே எழுதி அனுப்புங்கள், கம்பெனி அதையும் ஆளுயரத்துக்கு மாட்டட்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர், அடிக்குறிப்பா ஒரு வரி போட்டுக்கலாமே, இவ்வளவு தூரம் வந்த பிறகு என்று இழுத்தார். பச்சைத் தூணை நிற்கவிட்டு அடிக்குறிப்பில் மன்னிப்புக் கேட்கும் கலை எனக்கு வராது.

இது எப்படி நடந்தது என்பதையும் கப்பல் குறிப்பேட்டையும் படத்தையும் சேர்த்துவைத்து ஊகித்துவிட்டேன், இங்கேதான் உன் ஆள் வருகிறார். எங்கள் கேமராவைச் சுமக்கும் ரோபோவைத் துளையிலிருந்து நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே போக வேண்டும், கேமரா சீரான இடைவெளியில் படம் எடுக்கும், படத்தில் இருப்பதை எண்ணுவோம். ரோபோ எங்கே இருக்கிறது என்று ஒலியால் கப்பலுக்குச் சொல்லும் கருவி அன்று பழுது. அப்படிப்பட்ட நாளில், எவ்வளவு கேபிள் விட்டோமோ அவ்வளவு தூரம் ரோபோ போயிருக்கிறது என்று கணக்கு வைப்பது கப்பல்காரர்களின் வழக்கம். ஓட்டியவர் உன் ரோபோக்காரர். கேபிள் துளையின் இரும்பு மூடியில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து கேபிளை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அது கீழே சுருள் சுருளாகக் குவிகிறது. ரோபோ முளையில் கட்டிய கன்றுபோல இருந்த இடத்தில் அரைவட்டம் போடுகிறது. கலங்கின சேறு கேமராவைக் கடந்து ஓடுவதால் பார்க்கிறவருக்கு நாம்தான் ஓடுகிறோம் என்று தோன்றும், ஸ்டேஷனில் பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் கிளம்பிவிட்டது என்று நீ துள்ளுவாயே அதே கதை. ஆக, கம்பெனி கொடுத்த டீசலில் அந்தப் பிள்ளை ஒரு பகல் முழுக்க நின்ற இடத்தில் நின்றபடி நெடுந்தூரம் பயணம் செய்திருக்கிறார். நிஜமாகவே ஓட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதற்கு வேறு ஒரு துண்டுப் படம் இருக்கிறது, கேபிளைச் சுற்றி எடுக்கும்போது தவறுதலாகப் பதிவானது. அதில் புழுக்களின் குழல்கள் இருக்கின்றன, புழுக்கள் இல்லை. கடற்பஞ்சுகள் இருக்கின்றன, சாம்பல் பூசினமாதிரி. அதைப் பார்த்த பிறகு நான் காபியைக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நானே கூப்பிட்டேன், நீ கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன். வாசலில் நுழைந்ததுமே அப்பா, வாங்க மாப்பிள்ளை என்றார். அப்படிக் கூப்பிடக் கூடாது, இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் அப்பாவிடம் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், மூன்றாவது தடவை கண்ணால் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு என்னை எப்படி அழைப்பது என்று புரியவில்லை. கப்பலில் மேடம் என்பவர், வாசலில் ஆன்ட்டி என்றார், கையலம்பும்போது துணிந்து அத்தை என்றார், உடனே சமையலறையிலிருந்து நம் அத்தை என்னப்பா வேணும் என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னை ஒன்றும் அழைக்காமல் தொண்டையைச் செருமியே சமாளித்தார். நன்றாகச் சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவப் போனார், அத்தை விடவில்லை, விடாமல் இருந்ததை ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்பா அவர் பல்வரிசையைப் பேச்சோடு பேச்சாகப் பரிசோதித்துவிட்டார், குறையில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சாப்பிட்டு முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து நண்டைக் காட்டினேன். எழுபத்தொன்று என்ற கணக்கு அவருக்குத் தெரியாது, படத்தைக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது. என்னால் ஒரே நண்டு என்று மட்டும்தான் சொல்ல முடியும், அச்சான அறிக்கைக்கு எதிராக அது வெறும் என் அபிப்பிராயம் என்பார்கள், கேபிள் மாட்டியிருந்தது என்பதை ஓட்டிய ஆள் சொன்னால்தான் எடுபடும் என்று சொன்னேன். அவர் வேலை செய்யும் சர்வே நிறுவனத்துக்கு வேலை கொடுப்பதே அந்தக் கம்பெனிதான் என்பது எனக்கும் தெரியும், அதையும் சொன்னேன். சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது சோதனையாக இருக்காது, நெருக்கடியாக இருக்கும். அவர் மேஜைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டு, புதன்கிழமைக் கூட்டத்துக்கு எங்க மேனேஜரும் வரார் என்று மட்டும் சொன்னார். போய்விட்டார். இரண்டு நாளாகப் பேச்சில்லை. உன்னிடம் பேசியிருக்கலாம், நான் கேட்கப் போவதில்லை, நீயும் அவருக்கு இதைச் சொல் அதைச் சொல் என்று எதுவும் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

நாளைக்கு நான் எழுந்து நின்று பேச வேண்டும். மைக் முன்னால் என் குரல் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும், உன் பள்ளி ஆண்டுவிழாவில் நான் பரிசு கொடுக்கப் போய் வாழ்த்துகள் என்பதை மூன்று தவணையில் சொன்னதை நீ இன்னும் நடித்துக் காட்டுகிறாய். அத்தையும் வருகிறேன் என்கிறாள். பொதுமக்களும் பேசலாம் என்று அறிவிப்பில் போட்டிருப்பதைப் படித்துவிட்டாள். தடுத்துப் பார்த்தேன்.

நீ ராத்திரி உணவைத் தவிர்க்காதே. அறையின் ஹீட்டரில் ஈரத்துணி காயப்போடாதே. கடைவாய்ப் பல்லை மாதக்கடைசிக்குள் காட்டிவிடு, எக்ஸ்ரேயை அப்பாவுக்கு அனுப்பு, அனுப்பினால் சந்தோஷப்படுவார், வேறு எந்தப் படம் அனுப்பினாலும் அவ்வளவு சந்தோஷப்பட மாட்டார். மிச்சம் நாளைக்கு.

புதன்கிழமை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நகராட்சி மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. மேடையில் குழுத்தலைவர் அம்மாளும் இன்னும் நாலு பேரும். ஓரத்தில் பச்சைத் தூண் நின்றது, புன்னகை அதைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். முதலில் பொதுமக்கள் கருத்து என்றார்கள், அத்தை கைத்தடியோடு எழுந்தாள். எனக்குக் கடலைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா துளை போடறவர் மேலே இருக்கார், தூசி திங்கறவ கீழே இருக்கேன், சும்மா பார்க்கத்தான்னு அவர் சொல்றார், என் கட்டிலை வந்து பாருங்க என்று தன் போர்வையைப் பையிலிருந்து எடுத்து உதறினாள். முன்வரிசை தும்மியது. குழுத்தலைவர் அம்மாள் எந்த மாடி என்று கேட்டார், சம்பந்தமில்லாத கேள்வி, ஆனால் கேட்டார்.

பிறகு நான். குரல் நடுங்கியது, மூன்று தவணை ஆகவில்லை, இரண்டோடு முடிந்தது. நண்டைக் காட்டினேன், இடக்கை இல்லாததைக் காட்டினேன், இது எழுபத்தொன்று அல்ல ஒன்று என்று சொன்னேன், சாம்பல் பூசிய பஞ்சுகளின் துண்டுப் படத்தையும் போட்டேன். எங்கள் துறைத்தலைவர் தன் காலணியைக் கவனித்துக்கொண்டிருந்தார். புன்னகை எழுந்து, மேடத்தின் கூர்மையான கண்ணைப் பாராட்டுகிறேன், ஆனால் நண்டுக்கு நண்டு ஒற்றுமை இருப்பது இயல்புதானே, ரோபோ அவ்வளவு தூரம் போனதற்குக் கப்பலில் பதிவு இருக்கிறதே என்றார். அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம். உன் ரோபோக்காரர் மைக் வரைக்கும் நடந்து வந்தார். மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"கேபிள் மாட்டியிருக்குங்க. நான்தான் ஓட்டினேன். போறேன் போறேன்னு நெனச்சு நின்ன இடத்துலயே ஓட்டிட்டு இருந்திருக்கேன்."

குழுத்தலைவர் அம்மாள், எல்லாம் ஒரே நண்டுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். உன் ஆள் தொண்டையைச் செருமினார். அன்று முழுக்க அந்த நண்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது, கையை ஆட்டி எதையோ திட்டிக்கொண்டே இருந்தது, தன்கூடவே கடலட்டைமேல் ஏறி வருகிறது என்று நினைத்துக்கொண்டாராம். கடலட்டை ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். பழக்கமாப் போச்சுங்க, அதுக்குப் பேரே வெச்சுட்டேன் என்றார். என்ன பேர் என்று குறிப்பெழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்.

"முணுமுணு."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குறிப்பெழுதுகிறவர் மைக்குக்குப் பக்கத்தில் வந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், அவர் சொன்னார். ஆகவே இனிமேல் அரசாங்கக் கோப்பில் நீ ஒற்றைக்கை நண்டாக இருப்பாய். வீட்டுக்குள்ளேயே இருந்த பெயர் கப்பல் வரைக்கும் எப்படிப் போயிற்று என்பதை நீ பதில் கடிதத்தில் விளக்கலாம். அத்தை என் விலாவில் இடித்து, பொண்ணை நல்லாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கான் என்றாள், கிசுகிசுப்பாகச் சொல்வதாக அவள் எண்ணம்.

ஒலிக்கருவியைப் பழுதுபார்த்துக் கடலடி முழுவதையும் திரும்ப எடுத்து எண்ணும்வரை இரண்டாவது துளைக்கு அனுமதி இல்லை என்று குழு எழுதிக்கொண்டது. என்றைக்குமாக இல்லை என்று சொல்லவில்லை, இப்போதைக்கு. பஞ்சுக் காட்டுக்கு இப்போதைக்கு என்பது பெரிய விஷயம்தான். புன்னகை பச்சைத் தூணைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார், புன்னகைத்தபடியே. வெளியே படியில் வைத்து மேனேஜர் உன் ஆளிடம் திங்கட்கிழமை கப்பலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சரிங்க என்றார். கண்ணீர் எதுவும் இல்லை, ஹெல்மெட்டை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்றுதான் தெரியாமல் நின்றார். வா, வேலை இல்லாதவனுக்கு வேலை தரேன் என்று அத்தை அவரை வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள்.

வேலை மாடியில். ஏற்கெனவே போட்ட துளை ஒன்றின் சிமெண்டைச் சுரண்டி, அதன் வழியாக விரல் கனத்தில் ஒரு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார், புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. குழாயில் கசிவே இல்லை. தண்ணீர் சொட்டியது மாடி வீட்டுக்காரரின் ஏசியிலிருந்து. அந்த மனிதர் டிரில்லிங் மெஷினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார், அத்தை நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது ஐந்தாவது சாம்பிள் கிடைத்திருக்கிறது. ஐந்தும் போதாது என்பதுதான் என் அபிப்பிராயம், ஆகவே முடிவு எழுதவில்லை. நடந்ததை மட்டும் பதிவு செய்கிறேன். அவர் மாடியிலிருந்து தலையெல்லாம் சிமெண்ட் தூளோடு இறங்கி வந்தார். அந்த நேரம் அப்பா கிளினிக்கில் இருந்தார், அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். தலையைத் துடைச்சுக்குங்க மாப்பிள்ளை என்று ஒரு குரல் கேட்டது, ஒரு துண்டும் நீண்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு எல்லா நலனும் கூடி வரட்டும், எங்கள் மூவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு. பல்லை மறக்காதே.

இப்படிக்கு,
அன்புடன்
உன் அம்மா